ஏழு தட்டல்

மொஹாலியில், டயர் கிடங்கு ஒன்றின் மேல்மாடியில்
என் படத்தொகுப்பு அறை.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. எப்போதும் ரப்பர் வாடை.
திரையில் அப்பா கைகூப்புகிறார்.

அப்பா என்றால்
லூதியானாவில் ஜிம் நடத்தும் ஒரு நடிகர்.
வசனம் நீளும்போதெல்லாம் ஒட்டுத் தாடி
இடது காதருகே கொஞ்சம் பிரிந்து
மறுபடி ஒட்டிக்கொள்கிறது.
தலைப்பாகை மட்டும் அச்சு அசல்.
அப்பாவுக்குக் கட்டிய அதே ஆள்தான்
இவருக்கும் கட்டிவிட்டார், நாளுக்கு இரண்டாயிரம்.

அண்ணன் தயாரிப்பாளர்.
நெல் அரைவை ஆலைப் பணம்.
ஜனவரியில் வெளியீடு, பிப்ரவரியில் தேர்தல்.
கட்சியை மூன்று முறை மாற்றிவிட்டான்,
சுவரொட்டியில் அப்பாவின் முகத்தை மாற்றவில்லை.
"நீ வெட்டினால்தான்
வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கும்" என்றான்.
நிலப் பத்திரத்தில் என் கையெழுத்தை வாங்கிய அன்றும்
இதே குரல்,
இதே பாதாம் பர்ஃபி.

காட்சி அறுபத்தொன்று. இரவு. வெளிப்புறம்.
பனிமூட்டம் வாடகை இயந்திரத்தில் வந்தது.
ஒரு தாய் எம்.எல்.ஏ வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.
மகனை ஜீப்பில் ஏற்றிப் போய்விட்டார்கள்.
எழுதியிருப்பது மூன்று தட்டல்.
மூன்றாவதில் அப்பா திறக்கிறார்,
தன் சால்வையை அவளுக்குப் போர்த்துகிறார்,
காவல் நிலையத்துக்குத் தொலைபேசியைச் சுழற்றுகிறார்.
விடியும்போது மகன் நடந்து வருகிறான்,
டோல் மேளத்தோடு.

கூட்டத்துக்கு எங்கள் ஊரிலேயே ஆள் பிடித்தார்கள்,
தலைக்கு ஐந்நூறும் ஒரு தட்டுப் பகோடாவும்.
துணை இயக்குநன் மீரட்டுக்காரன், ஒன்றும் அறியாதவன்.
வரிசையைப் பார்த்து, "நீங்க வாங்கம்மா,
முகம் நல்லா இருக்கு" என்று
பசிந்த் கௌரைக் கதவின் முன் நிறுத்தினான்.

பசிந்த் என்றால் கவலையற்றவள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது.
அந்த வாரம் பள்ளியில் ஏழாம் வாய்ப்பாடு.
கதவுக்கு நீலம் அடித்திருந்தது.
அம்மா என் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள்,
ஒரு காது மட்டும் வெளியே.
அப்பா வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.
அவ்வளவுதான் செய்தார்.
ஒன்று இரண்டு என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்காவது டேக்.
பசிந்த் தட்டுகிறாள். மூன்றாவதில்
நடிகர் திறக்கிறார், சால்வையும் கையுமாக.
அவள் அவரைப் பார்க்கவில்லை.
திறவாமல் நின்ற இன்னொரு கதவுப் பலகைமேல்
நான்கு.
ஐந்து.
நடிகரின் கண் கேமராவுக்கு வந்து போகிறது.
ஆறு.
ஏழு.
கையை இறக்கித் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு
சட்டகத்தைவிட்டு வெளியே போகிறாள்.
யாரும் 'கட்' சொல்லவில்லை.
சம்பளப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே
கைநாட்டு இல்லை.

இரவு அண்ணன் பேசினான்:
"அந்தம்மாவை ரொம்ப நேரம் நிற்க வைக்காதே,
ஜனம் கொட்டாவி விடும். மூன்று போதும்."

மூன்றில் வெட்டினேன்.
அண்ணன் படத்தைப் பார்ப்பவன்.
ஒலியை வெட்டவில்லை.
மீதி நான்கையும் அடுத்த காட்சிக்குள் இழுத்துவிட்டேன்:
பதவியேற்பு, மாலைகள், மைக்,
அரங்கம் அதிரக் கைதட்டல்,
அதற்கு அடியில் மரத்தில் விழும் ஒரு கை.
"மேடைக்குக் கீழே ஆணி அடிக்கிறாங்களா?" என்றான்
ஒலிக்கலவை செய்யும் பையன்.
இருக்கட்டும் என்றேன்.

பட்டிண்டாவில் முன்னோட்டக் காட்சி.
அண்ணன் அழுதான், நிஜமாகவே.
மாவட்டச் செயலாளர் அவன் தோளைத் தட்டினார்.
பதவியேற்பு வந்தபோது
முதல் வரிசையில் அம்மா மட்டும்
திரையைவிட்டுத் தலையைத் திருப்பி
அரங்கின் கதவைப் பார்த்தாள்.

எழுந்து போய்த் திறக்கவில்லை.
நானும்.